முகம் கழுவினால் மனம் தெளியுமா?



"போய் முகத்தைக் கழுவிவிட்டு வா" என்னும் சொல்லைக் கேளாத பெண்பிள்ளை நம் ஊரில் உண்டா? அழுதாலும் இதுவே மருந்து. கோபித்துக்கொண்டாலும் இதுவே மருந்து. தேர்வுக்கு முன் கை நடுங்கினாலும் இதுவே மருந்து. வீட்டில் அம்மா சொல்கிறார்கள். விடுதியில் சிஸ்டர் சொல்கிறார்கள். நாங்களும் எங்கள் தங்கைமாருக்குச் சொல்கிறோம். ஏன் சொல்கிறோம் என்று மட்டும் கேட்டதில்லை. இவ்வாண்டு அறிவியல் வகுப்பில் நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எங்களுக்குப் பிறந்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வில் எங்களுள் ஒருத்திக்கு நேர்ந்த ஒன்று, அதை அவசரக் கேள்வியாகவே ஆக்கிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒருத்தி யார் என்பதை எங்கள் வகுப்பினர் அனைவரும் அறிவர். ஆகையால் பெயர் வேண்டாம்.

கணக்குத் தேர்வு முடிந்ததும் வழக்கம்போல் வேப்ப மரத்தடியில் கூடி விடைகளை ஒப்பிட்டோம். (ஒப்பிடாதீர்கள் என்று டீச்சர் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! நாங்கள் கேட்பதில்லை.) ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டுவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். வாசலில் இருந்த ஆச்சி, "ஏட்டி, பரீச்சை எப்படி?" என்று கேட்டார்கள். "இதைத் தவிர வேறு பேச்சே கிடையாதா?" என்று கத்திவிட்டு, முன்னால் வைத்த சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பேத்தி சாப்பிடவில்லையே என்று ஆச்சியும் சாப்பிடவில்லை. ஆச்சி சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள். பொழுது சாயும் நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, மயங்கிச் சாய்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து, நினைவு தப்புவதற்குள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். பிழைத்தது கடவுள் செயல்.

மறுநாள் அறிவியல் தேர்வு. அவள் முந்தின இரவு ஒரு பக்கமும் புரட்டவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. விடைத்தாள்கள் வந்தபோது கணக்கில் அந்தப் பிழையினால் போனது 5 மதிப்பெண். அறிவியலில் முந்தைய தேர்வைவிடக் குறைந்தது 22. ஒரு கழித்தல் குறியின் விலை ஐந்து. அதனால் வந்த மனநிலையின் விலை இருபத்திரண்டும் ஆச்சியின் மயக்கமும்.

மனம் வாடாமல் இருக்க எவராலும் இயலாது. வாடிய மனம் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒருத்திக்கு அரை மணி. இன்னொருத்திக்கு இரண்டு நாள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் அறிவியல் ஆசிரியையைக் கேட்டோம். "நீங்களே படித்து எழுதுங்கள், ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை ஆயிற்று" என்று கூறிவிட்டார்கள். எனவே நூலகத்தில் படித்ததையும், எங்கள் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே தருகிறோம்.

முதலில் உடலில் நடப்பது என்ன என்று காண்போம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அச்சமோ சினமோ வந்ததும் பரிவு நரம்புகள் இவற்றைத் தூண்டுகின்றன. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, வயிற்றின் செரிமான வேலை நின்றுவிடுகிறது. தேர்வுக்கு முன் இட்லி இறங்காமல் போவது இதனால்தான். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1911இல் இதைப் பூனைகளைக் கொண்டு ஆராய்ந்தார். கட்டப்பட்ட பூனையின் அருகில் நாய் ஒன்றைக் குரைக்க விட்டு, அதன் பின் பூனையின் இரத்தத்தைச் சோதித்தபோது அதில் அட்ரினலின் இருந்தது. அமைதியாய் இருந்தபோது எடுத்த இரத்தத்தில் அது தென்படவில்லை. 1915இல் அவர் வெளியிட்ட நூலில், இந்த மாறுதல்கள் எல்லாம் விலங்கு போரிடவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகும் ஏற்பாடு என்று விளக்கினார். நாயைக் கண்ட பூனைக்கு இது நல்ல ஏற்பாடே. கழித்தல் குறியைக் கண்ட மாணவிக்கு என்ன பயன்? அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆச்சியிடம் கத்தத்தான் முடிகிறது.

வியப்பு என்னவென்றால், இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே அகற்றப்பட்டுவிடுகிறது. அப்படியானால் அவள் மாலை வரை சுவரைப் பார்த்துக் கிடந்தது ஏன்? நாய் போய்விட்டது, ஆனால் அவள் நினைவில் அது திரும்பத் திரும்பக் குரைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அந்தக் கணக்கை நினைக்கும்போதும் உடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மாடு அசைபோடுவதால் தீனி செரிக்கிறது. மனிதர் அசைபோட்டால் துன்பம் செரிப்பதில்லை. இதை அளந்தே காட்டியவர் சூசன் நோலன்-ஹோக்சிமா என்னும் பெண் உளவியலறிஞர். கலிஃபோர்னியாவில் 1989 அக்டோபர் 17 அன்று பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் வாடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தார். நிலநடுக்கத்திற்குப் பின் மீண்டும் அவர்களை ஆராய்ந்தபோது, துன்பத்தையே சுற்றிச் சுற்றி நினைக்கும் பழக்கமுடையோர் மற்றவரைவிட அதிகச் சோர்வில் இருந்தனர். வாரங்கள் கழிந்த பின்னும் அப்படியே இருந்தனர். நிலம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் நடுங்கியது.

உடலை முடுக்குவதற்குப் பரிவு நரம்புகள் இருப்பது போல், அடக்குவதற்கு எதிர்ப்பரிவு நரம்புகள் உள்ளன. இவற்றுள் தலையாயது வேகஸ் எனப்படும் பத்தாவது கபால நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை என்று ஊர் சுற்றும் நரம்பு இது. இலத்தீன் மொழியில் வேகஸ் என்றாலே அலைந்து திரிவது என்றுதான் பொருள். இந்த நரம்பு இதயத்திற்கு எவ்வாறு கடிவாளம் போடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஓட்டோ லோவி. அந்தக் கதையைச் சொல்லாமல் எங்களால் கடந்து செல்ல முடியவில்லை. ஓரிரவு அவருக்குக் கனவில் ஒரு சோதனை தோன்றியதாம். எழுந்து அரைத் தூக்கத்தில் தாளில் கிறுக்கி வைத்தார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! (எங்கள் வகுப்பில் இத்தகைய லோவிகள் பலர் உண்டு.) மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை காத்திராமல் ஆய்வகத்திற்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் இருந்த நீர்மத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் தளர்ந்து துடித்தது! நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளை விடுகிறது என்பது தெளிவாயிற்று. 1921இல் வெளிவந்த இந்த ஆய்வுக்காக 1936ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் ஹென்றி டேலுக்கும் கிடைத்தது. அப்பொருள்தான் நாம் பாடத்தில் படிக்கும் அசிட்டைல்கோலின்.

இனி முகம் கழுவும் விஷயத்திற்கு வருவோம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் குளிர்ந்த நீர் பட்டு, அந்நேரம் மூச்சும் அடங்கினால், முகத்தின் நரம்பு அதை மூளைக்கு அறிவிக்கிறது. "இவள் நீரில் மூழ்குகிறாள் போலும், உயிர்வளியைச் சிக்கனப்படுத்து" என்று மூளை வேகஸ் வழியாக இதயத்திற்கு ஆணையிடுகிறது. இதயம் மெதுவாகிறது. கடலில் முக்குளிக்கும் சீல் விலங்குகளுக்கு மிகுதியாக உள்ள இந்தத் திறன் மனிதருக்கும் சிறிதளவு உண்டு. நம் பாட்டிமார் வேகஸ் நரம்பைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மண்பானைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டால் படபடப்பு அடங்கும் என்று கண்டு வைத்திருந்தனர்.

நாங்கள் இதைச் சோதித்துப் பார்த்தோம். மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணினோம். பின் குழாயடியில் முகத்தில் நீர் அடித்து, ஈரத் துணியை நெற்றியிலும் கண்களிலும் ஒற்றி, சிறிது மூச்சடக்கி, மறுபடி எண்ணினோம். பெரும்பாலோருக்குக் குறைந்தது. இருவருக்குக் குறையவேயில்லை. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து துடிப்பு ஏறிவிட்டது. வீட்டில் செய்து பார்க்கும் சிறுமியர் வாளிக்குள் தலையை விட வேண்டாம். குழாய் நீரும் கைக்குட்டையும் போதும். இதய நோய் உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

மூச்சின் கதையும் இதுவே. உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்றுத் தளர்கிறது. நாடியில் விரல் வைத்துக்கொண்டே ஆழ்ந்து மூச்சு விட்டால் இதை எவரும் உணரலாம். ஆகவே வெளிமூச்சை நீட்டினால் இதயம் அடங்கும். இதில் எங்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்று உண்டு. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் உடல்நலமுள்ள 23 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அவர்கள் இலத்தீனில் செபமாலை சொன்னபோது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக நாம் விடுவது நிமிடத்திற்குப் பன்னிரண்டுக்கும் மேல். இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்குவதற்கு அந்த ஆறு என்னும் வேகம் மிக ஏற்றதாம். யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அதே விளைவு கண்டனர். இதைக் கேட்டு எங்கள் வகுப்பின் இந்துத் தோழியர் மிகப் பெருமைப்பட்டனர். "செபம் நாடி குறைவதற்காகச் சொல்வதன்று" என்று சிஸ்டர் எங்களுக்கு உடனே நினைவூட்டினார்கள். அது உண்மையே. ஆயினும் ஆண்டவர் நம் மூச்சையும் அறிந்துதானே படைத்திருக்கிறார் என்று நாங்கள் சொன்னபோது சிஸ்டர் மறுக்கவில்லை.

உடலைப் பற்றி இவ்வளவு போதும். மனத்தைப் பற்றிச் சொல்வதே கடினம், சுவையும் அதில்தான்.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டால் நாம் எல்லாரும் தரும் ஒரே விடை "மனசு சரியில்லை" என்பது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் அவர் எதற்கு மருந்து தருவார்? 2007இல் மாத்யூ லீபர்மன் என்னும் அமெரிக்க அறிஞர், சினமோ அச்சமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். அவ்வாறு பெயரிட்டபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. பெயரிட்டால் அடங்குகிறது!

அப்படியானால் தமிழ்ப் பெண்களாகிய நாம் பேறு பெற்றவர்கள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார் என்பதைத் தமிழம்மா எங்களுக்குக் கற்பித்துள்ளார்கள். எட்டோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரித்தும் காட்டுகிறார். அழுகை இளிவினால் வரலாம், இழவினால் வரலாம், அசைவினால் வரலாம், வறுமையினால் வரலாம். பிறர் இகழ்வது இளிவு. உரியதை இழப்பது இழவு. முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு. வறுமை நாம் அறிந்ததே. கணக்கில் ஐந்து மதிப்பெண் போனதற்கு அழுதவளின் அழுகை இவற்றுள் எது என்று உணவு இடைவேளை முழுவதும் வாதாடினோம். வகுப்பில் முதலாவதாக இருந்து தாழ்ந்தாள், ஆகையால் அசைவு என்றனர் சிலர். அவளையே கேட்டபோது, "இல்லை, அத்தை மகள் அதே கணக்கைச் சரியாகப் போட்டிருப்பாள், பொங்கலுக்கு வீட்டில் அதைத்தான் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் அழுதேன்" என்றாள். இளிவு! அதுவும் இன்னும் நிகழாத இளிவு! அதைச் சொல்லி முடித்தபோது அவளே சிரித்துவிட்டாள். தமிழம்மா இதைக் கேள்விப்பட்டு, இலக்கணத்தை இவ்வாறு யாரும் பயன்படுத்தி அறியேன் என்று கூறி மகிழ்ந்தார்கள்.

நூலிலன்றி நம் பேச்சிலும் எத்தனை சொற்கள்! எரிச்சல், சலிப்பு, ஏக்கம், மனத்தாங்கல், குமைச்சல், கூச்சம், வெறுமை, ஆற்றாமை. ஆச்சிமார் சொல்லும் வெப்புராளம். மனத்தாங்கல் என்றால் அந்த ஆளிடம் பேசித்தான் தீர வேண்டும். சலிப்பு என்றால் எழுந்து நடந்தால் போதும். பாதி எரிச்சல் பசியினால் வருவது. அதற்கு இரண்டு வாழைப்பழம் போதும். மருந்து வேறு வேறாக இருக்கும்போது நோய்க்கு ஒரே பெயர் வைப்பது தவறல்லவா?

எங்கள் வகுப்பில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டோம். "மனம் வாடினால் நீ செய்வது யாது? பெயர் எழுத வேண்டாம்." வந்த விடைகளைப் படித்தபோது எங்கள் தோழியரை அன்றுதான் அறிந்துகொண்டது போல் இருந்தது. ஒருத்தி பழைய நோட்டின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறாள். ஒருத்தி பென்சில்களை எல்லாம் சீவி வைக்கிறாள். ஒருத்தி கன்றுக்குட்டியின் கழுத்தடியைத் தடவுகிறாள். மல்லிகை தொடுப்பவர்கள் பலர். விடுதி மாணவி ஒருத்தி, அம்மாவின் பழைய நூல் சேலையைப் போர்த்திக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாள். யாரும் சிரிக்கக் கூடாது. 1958இல் ஹாரி ஹார்லோ என்பவர் வெளியிட்ட ஆய்வில், குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்மார் வைக்கப்பட்டனர். கம்பித் தாயிடம் பால் இருந்தது. துணித் தாயிடம் பால் இல்லை. குட்டிகள் கம்பித் தாயிடம் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பயந்தபோதும் அதனிடமே ஓடின. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அக்குட்டிகளை நினைத்து எங்களுக்கு வருத்தமே உண்டாயிற்று. ஆனால் சேலையின் அருமை விளங்கிற்று.

இந்தப் பழக்கங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும்பாலானவை கைக்கு வேலை கொடுப்பவை. ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்பவை. செலவில்லாதவை. சிக்குக் கோலத்தில் கண் சற்று விலகினாலும் இழை தவறிவிடும். ஆகவே மனம் அசைபோடுவதற்கு இடம் கிடைப்பதில்லை. இன்னொன்றும் கண்டோம். வாடிய பிறகு புதிதாக ஒரு வழி தேடினால் கிடைப்பதில்லை. முன்பே பழகி வைத்திருக்க வேண்டும். மழை பெய்யத் தொடங்கிய பின் ஓடு மாற்ற முடியுமா?

"தம்பியை இரண்டு போடுவேன்" என்றும் ஒரு விடை வந்தது. கோபத்தை வெளியே கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். 2002இல் பிராட் புஷ்மன் என்பவர் இதைச் சோதித்தார். சினமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களுள் ஒரு பகுதியினர் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினர். மற்றொரு பகுதியினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தனர். குத்தியவர்களே அதிகச் சினத்தோடு இருந்தனர். தலையணையை அடிப்போர் கவனிக்க. தம்பிமார் இக்கட்டுரையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தோழியிடம் சொல்லி அழுவது எப்படி? இது பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சொன்னால் பாரம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அமாண்டா ரோஸ் என்பவர் 2002இல் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, ஒரே துன்பத்தை இருவர் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருப்பது நட்பை நெருக்கமாக்குவதோடு சோர்வையும் கூட்டுகிறது என்றும், இப்பழக்கம் சிறுமியரிடமே அதிகம் என்றும் கண்டார். இதைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாலை மணி அடித்து முக்கால் மணி நேரம் ஆன பின்பும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று "அவள் அப்படிச் சொன்னாளாம், நீ என்ன சொன்னாய்" என்று பேசுவது நாங்கள்தாமே! இப்போது ஒரு விதி செய்துகொண்டிருக்கிறோம். ஒரு துன்பத்தை ஒரு முறை முழுவதும் சொல்லலாம். கேட்பவள் குறுக்கிடக் கூடாது. இரண்டாம் முறை சொல்ல வேண்டுமானால், இனி என்ன செய்யப் போகிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல நாள் மீறியும் இருக்கிறோம்.

எழுதுவது இன்னொரு வழி. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் பெருந்துன்பத்தை எழுதினர். எழுதிய அன்று அவர்கள் மனம் முன்னைவிடக் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்திற்குச் சென்றது குறைவு. எனவே தேர்வுக்கு முந்தின இரவில் எழுத வேண்டாம், விடுமுறையில் எழுதலாம் என்பது எங்கள் கருத்து.

கைப்பேசியைப் பற்றி எழுதாவிட்டால் பெற்றோர் எங்களை மன்னிக்க மாட்டார்கள். அம்மாவின் கைப்பேசியை எடுத்துப் படுக்கையில் புரண்டுகொண்டு காணொளி பார்ப்பதும் ஆறுதல் போலத்தான் தோன்றுகிறது. வேறுபாடு அறிய நாங்கள் கண்ட உரைகல் இது: முடித்தபின் எழுந்து அடுத்த வேலைக்குப் போக முடிகிறதா? மல்லிகை தொடுத்து முடித்தவள் எழுகிறாள், பூ தீர்ந்துவிட்டது. காணொளி தீர்வதில்லை. பெற்றோரே, தொலைக்காட்சித் தொடருக்கும் இதே உரைகல் பொருந்தும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

மனம் வாடிய நேரத்தில் கூடாதது ஒன்று உண்டு. காலாண்டு மாலையில் நம்மவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பதினொன்றில் கணக்குப் பிரிவே எடுக்க மாட்டேன்" என்று முடிவு செய்துவிட்டாள். இதைக் கேட்ட சிஸ்டர், புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலைப் பற்றிச் சொன்னார்கள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பரின் ஒப்புதல் பெற்ற நூல் அது. ஆறுதலற்று மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிவாய் இருந்தபோது எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்பது அதில் அவர் தரும் விதிகளுள் ஒன்று. அவள் இப்போது மீண்டும் கணக்குப் பிரிவு என்கிறாள். பார்ப்போம்.

அந்தத் தாளில் வந்த ஒரு விடையை இதுவரை சொல்லவில்லை. "எனக்கு எதுவும் உதவுவதில்லை" என்று மட்டும் ஒருத்தி எழுதியிருந்தாள். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து தெரிந்தது. ஜூலையில் தந்தையை இழந்தவள். நாங்கள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கோலம் போடு, முகம் கழுவு என்று அவளிடம் சொல்வது எவ்வளவு அற்பம்! அவளுடையது இழவு. அதிலிருந்து விரைவாக மீள வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை ஏது? தந்தைக்காக அழுவது நோயன்று. நாங்கள் செய்ததெல்லாம், உணவு இடைவேளையில் அவளருகில் இருக்கை மாறி உட்கார்ந்ததும், அவள் பேசாதபோது பேசாமல் இருந்ததும்தான். ஒரு நாள் அவளாகவே ஊறுகாய் கேட்டாள்.

ஆனால் இதையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு தோழி இரண்டு வாரத்திற்கு மேல் அனேகமாக நாள் முழுவதும் வாடியே இருந்தால், பிடித்தவை எல்லாம் பிடிக்காமற் போனால், தூக்கமும் உணவும் கெட்டால், இருப்பதைவிட இல்லாமற் போகலாம் என்பது போல் ஒரு சொல் சொன்னால், அது பழக்கத்தால் ஆற்றுவதன்று. மருத்துவர் பார்க்க வேண்டியது. "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும், ஆசிரியையிடமோ சிஸ்டரிடமோ அவள் பெற்றோரிடமோ உடனே சொல்லிவிட வேண்டும். அந்தச் சத்தியத்தை மீறுவது துரோகமாகாது. 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் எங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்காதே என்று கட்டமும் போட்டிருக்கிறோம்.

அரையாண்டுத் தேர்வும் வந்தது. கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்தோம். வேப்ப மரத்தடியில் இம்முறை கூட்டம் குறைவு. நம்மவளுக்கு வடிவியலில் ஒரு பகுதி நேரமின்றி விடுபட்டிருந்தது. குழாயடியில் முகம் கழுவினாள். வீட்டு வாசலில் ஆச்சி முருங்கைக் கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டிருந்தார்கள். காலாண்டு நினைவினாலோ என்னவோ, ஆச்சி இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பாடுபடுவது முகத்தில் தெரிந்தது. அவள் அருகில் உட்கார்ந்து ஒரு கொப்பை எடுத்துக்கொண்டாள்.

"ஆறு மார்க் போச்சு ஆச்சி. இளிவு இல்லை, வெறும் எரிச்சல்தான்."

"என்னட்டி சொல்லுத, எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார்கள் ஆச்சி. "இதை உருவி முடி. சோறு எடுத்து வைக்கேன்."

இருவரும் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு அவள் அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள்.